கேக் வெட்டும் நேரம்

கடலில் இருக்கும் என்னவருக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் இடுப்புவலி எப்படி இருக்கிறது? இன்ஜின் அறையில் குனிந்தபடியே வேலை பார்க்காதீர்கள். சொன்னால் கேட்கவா போகிறீர்கள்!

நம் வாலுப் பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்திருக்கிறது. கோதுமை துளிகூடப் படாமல் பார்த்துக்கொண்டதில் குடல் புண் ஆறி வருகிறதாம். கோதுமையே ஆகாத இந்த சீலியாக் நோய் உள்ள பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை என்று டாக்டர் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் சந்தோஷமா இருக்கியா கண்ணு என்று அவர் கேட்டபோதுதான் நம் மகள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்தபிறகு சொன்னாள். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், கேக் வெட்டும் நேரத்தில் டீச்சர் அவளை நூலகத்துக்கு அனுப்பிவிடுகிறாராம். பார்த்தா உனக்கு ஏக்கமா இருக்கும்ல என்பாராம். "எனக்குக் கேக் வேணாம்மா, பாட்டு பாடற வரைக்குமாவது இருக்கலாம்ல?" என்று கேட்டாள்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தெரியாம வாயில போட்டுட்டா யாருங்க பதில் சொல்றது என்று டீச்சர் பயந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடவும் இல்லை. அவளுக்கென்று தனி டப்பா, தனிக் கரண்டி, நான் செய்த அரிசிமாவுக் கேக். உட்காருவது மட்டும் எல்லாரோடும் என்று ஒப்புக்கொள்ள வைத்தேன்.

நேற்று ஒரு பையனுக்குப் பிறந்தநாள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பிறந்தநாள் பாட்டில் நம்மவள் குரல்தான் ஊரைக் கூட்டியது, சுருதி உங்களுடையது! அந்தப் பையன் அவளிடம் ஒரு கேக் துண்டை நீட்டினான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "என் வயித்துக்கும் கோதுமைக்கும் சண்டைடா, நடுவுல நீ வராத" என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும்தான்.

பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போகும் ஏரிக்கரை முகாமுக்கு அவளை அனுப்பாதே என்று எழுதியிருந்தீர்கள். சம்மதம் சொல்லிவிட்டேன். சமையல்காரரைப் பார்த்துத் தனிப் பாத்திரம், தனி அகப்பைக்கு ஏற்பாடு செய்தாயிற்று. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் போகிறாள்.

முகாமிலிருந்து திரும்பி வந்ததும் உங்களோடு போனில் பேசுவாள். எடுத்த எடுப்பில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதீர்கள். யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை போனை வைத்துவிடாதீர்கள்.

உங்கள் கோபத்துக்கும் தயாராக இருக்கும்,
உங்கள் மனைவி