நாளைக்கு வாங்கினால் இரட்டிப்பு

என் அருமை மகளுக்கு அம்மா எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒரு தும்மல்கூட இல்லாம நல்லபடியா இருக்கணும். இங்கே நான் சுகம், உங்கப்பா மூச்சு விட்டுக்கிட்டு சுகம். இதையெல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. அவருக்குக் கையும் காலும் வாயும்தான் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, காது மட்டும் பாம்புக்காது, நான் சமையலறையில பெருமூச்சு விட்டாக்கூட கட்டில்ல இருந்து எட்டிப் பாக்கறார். அதனால கைகால் பயிற்சி கொடுக்க வர்ற பொண்ணுகிட்ட அவரை விட்டுட்டு, மாடிப்படியில உக்காந்து மடியில பலகை வச்சு எழுதறேன், எழுத்து கோணல் மாணலா இருந்தா பொறுத்துக்கோ. போன வாரம் கேட்டியே, அப்பா ஏன் இப்போ விளையாடறதே இல்லை, அதுக்குன்னு அனுப்பற பணமெல்லாம் என்ன ஆகுதுன்னு. மாப்பிள்ளை கேக்கச் சொல்லிக் கேட்டியா நீயாக் கேட்டியா, அதை விடு. அந்தப் பணத்துல ஒரு சல்லிக்காசு நான் தொடலை. எல்லாம் பத்திரமா இருக்கு, தங்கக் காசா, அவர் போனுக்குள்ள, இந்த ஜென்மத்துல அவர் செலவழிக்க முடியாத அளவுக்கு இருக்கு. எப்படி ஆச்சுன்னு நீயே படிச்சுத் தெரிஞ்சுக்கோ, அப்புறம் என்னைத் திட்டறதுன்னா திட்டு.

போன்ல அந்தக் கோட்டை கட்டற விளையாட்டை இடது கையால விளையாடட்டும், மூளையும் சுறுசுறுப்பா இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா வலது கை விரலையும் தட்டிப் பழகலாம்னு பயிற்சிப் பொண்ணுதான் முதல்ல சொன்னா, நீயும் ஆமா ஆமான்னே. நானும் ஏதோ கேரம் போர்டு மாதிரி இருக்கும்னு நினைச்சேன். அவர் ரெண்டு மாசத்துல அங்கே ஒரு கூட்டத்துக்கே தலைவர் ஆயிட்டார். முகம் தெரியாத ஆளுங்க, ஒரு பேக்கரிக்காரர், ஒரு லாரி டிரைவர், டீச்சர்னு ஒரு பொம்பளை, எல்லாரும் இவரை அய்யா அய்யான்னு கூப்பிடுவாங்க. கூட்டத்தோட மொத்த தானியமும் இவர் கோட்டைக்குள்ளதான், அவ்வளவு நம்பிக்கை. டீச்சருக்கு ஒரு நாள் காய்ச்சல்னு தெரிஞ்சதும், கோணின வாயை வச்சுக்கிட்டு, சாப்பிட்டீங்களாம்மா, மாத்திரை போட்டீங்களாம்மான்னு அதுல பேசி அனுப்பறார். நான் பக்கத்துலதான் அவர் பெட்பேனைக் கழுவிட்டு நிக்கறேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சாப்பிட்டேனான்னு அந்த மனுஷன் கேட்டது கிடையாது. சிரிப்புதான் வந்துச்சு.

அந்த விளையாட்டுல தங்கக் காசு இல்லாம ஒரு செங்கல் நகராது, அந்தக் காசை நிஜப் பணம் கொடுத்துத்தான் வாங்கணும். பணம் உன்கிட்ட இருந்து என் கணக்குக்கு வருது, ஓ.டி.பி. என் போனுக்கு வருது, அதனால வாங்கறது என் வேலை ஆச்சு. எனக்கு அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். பம்பு கம்பெனியில கொள்முதல் ஆபீசரா இருந்தவராச்சே, கட்டில்ல படுத்தாலும் புத்தி போகுமா. சின்னப் பொட்டலம் வாங்கினா ஒரு காசு என்ன விலை விழுது, பெரிய மூட்டையில என்ன விழுதுன்னு வகுத்துப் பாக்கச் சொல்லுவார், சின்னதுல எப்பவும் கொள்ளைதான். காசோட தொப்பி, குதிரை, மயில் கலர் கொடின்னு சேர்த்துக் கட்டிக் கொடுப்பான், அதையெல்லாம் கழிச்சுட்டுக் காசை மட்டும் எண்ணணும். போனுக்குள்ள வாங்கறதைவிட அந்த விளையாட்டுக்காரனோட சொந்த வெப்சைட்டுல போய் வாங்கினா கொசுறு கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டுல பரிசு கார்டு தள்ளுபடியில வரும்போது வாங்கி வச்சு, அதை வச்சு காசு வாங்கினா இன்னும் மிச்சம். இன்னும் பத்து நிமிஷம்தான்னு கடிகாரம் ஓட விட்டுப் பயமுறுத்துவான், அசையக் கூடாது, அதே சலுகை அடுத்த வாரமும் வரும். உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன், மாப்பிள்ளையும் ஏதோ விளையாடறார்னு சொன்னியே. பாதி விலைக்குத் தர்றேன், பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கன்னு எவனாவது வந்தா பக்கத்துல சேக்காதீங்க, எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் அப்படிக் கொடுத்து, காசும் போய் கணக்கையும் பூட்டிட்டாங்க, மனுஷன் மூணு நாள் கடை திறக்கலை. இதுக்கெல்லாம் மேல உங்கப்பாவோட பெரிய மந்திரம் ஒண்ணு இருக்கு, காத்திருக்கறவனுக்குத்தான் விலை இறங்கும். கம்பெனியில சரக்கு விக்க வர்றவங்களைக் காலையில இருந்து வராந்தாவுல உக்கார வச்சு, தண்ணிகூடக் கொடுக்காம சாயங்காலம் உள்ளே கூப்பிட்டா, கேட்ட விலைக்குத் தலையாட்டுவாங்கன்னு வீட்டுக்கு வந்து பெருமையாச் சொல்லுவார்.

அன்னைக்கு மதியம் நான் அவரோட சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன். ஸ்பூனை எடுத்து கட்டில் கம்பியில டங்கு டங்குன்னு தட்டறார். போய்ப் பாத்தா எதிரிக் கூட்டம் கோட்டையைச் சுத்திடுச்சு, கவசம்னு ஒண்ணு வாங்கிப் போட்டா யாரும் உள்ளே வர முடியாதாம், அதுக்குக் காசு பத்தலை. போனைத் தூக்கித் தூக்கிக் காட்டறார், வாய்ல எச்சில் ஒழுகுது, வா வாங்கு வாங்குங்கறார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். அதே திரையில மேல பெரிசா எழுதியிருக்கு, நாளைக் காலை முதல் எந்த மூட்டை வாங்கினாலும் இரட்டிப்புன்னு. நான் நிதானமா எடுத்துச் சொன்னேன், நாளைக்கு வாங்கினா இரட்டிப்புங்க, இன்னைக்கு வாங்கினா பாதி நஷ்டம், நீங்க ஆபீசரா இருந்தவர், நீங்களே சொல்லுங்க, எது வாங்கலாம்னு கேட்டேன். அவர் பாடத்தை அவர்கிட்டயே ஒப்பிச்சேன். அப்புறம் ஒரு காரியம் செஞ்சார். செத்த கையை நல்ல கையால தூக்கி நெஞ்சு மேல வச்சு, ரெண்டையும் சேர்த்து என்னைப் பாத்துக் கும்பிட்டார். அது நழுவி நழுவி விழுது, திரும்பத் தூக்கி வைக்கறார். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுதுன்னு சொல்லிட்டு இஸ்திரி போடப் போயிட்டேன். அந்த வார்த்தையும் என்னுது இல்லை.

அது யாருடையதுன்னு உனக்குத் தெரியாது, அப்போ நீ கைக்குழந்தை. எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடக்கா, உடனே கிளம்பி வான்னு உன் மாமா போன் பண்ணினான். நான் உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு பையோட வாசல்ல நிக்கறேன். உங்கப்பா பஸ் கம்பெனிக்கெல்லாம் ஒவ்வொண்ணா விசாரிச்சுட்டு வந்து, நாளைக்குக் காலையில பாதிக் கட்டணத்துல ஒரு பஸ் இருக்கு, ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுதுன்னு பையை வாங்கி உள்ளே வச்சுட்டார். கையில பணம் இல்லாம இல்லை, என்கிட்டதான் இல்லை. மறுநாள் நாங்க போய் இறங்கறப்போ எங்கம்மாவை எடுத்தாச்சு. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே கிடந்தாளாம். திரும்பி வர்ற வழியில பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட உங்கப்பா டிக்கெட்டைக் காட்டி, என்ன விலைக்கு வாங்கினேன் சொல்லுங்க பாப்போம்னு கேட்டுக்கிட்டு வந்தார். நீ அழுதுக்கிட்டிருந்தே, உனக்குப் பால் கொடுத்தேன்.

சரி, அன்னைக்கு மதியத்துக்கு வர்றேன். இஸ்திரி மேஜைக்கே கேட்டுச்சு, கோட்டை எரியற சத்தம், குதிரைங்க கத்தற சத்தம், நடுவுல அந்த டீச்சர் குரல், அய்யா கவசம் போடுங்க, அய்யா இருக்கீங்களா, எங்களுது எல்லாம் உங்ககிட்டதான் இருக்கு அய்யான்னு. இவருக்குப் பதட்டத்துல நாக்கு சுத்தமாப் புரளலை, ஆ ஆன்னு சத்தம்தான் வருது, அது அவங்களுக்கு என்ன புரியும். காசு இருந்தும் போடாம விட்டார், எதிரிகிட்ட விலை போயிட்டார்னு லாரி டிரைவர் கத்தினார். சாயங்காலம் இவர் பேரைக் கூட்டத்துல இருந்து எடுத்துட்டாங்க. உங்களை நம்பினோம்னு டீச்சர் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தா, அதுக்கும் பதில் போட முடியாதபடி அடைச்சுட்டாங்க. நானும் எதுவும் நடக்காத மாதிரி இருந்துடலை, அவரோட நீலச் சட்டைக் காலரை இஸ்திரிப் பெட்டி தின்னுடுச்சு, துணி கருகற வாசனை வந்த பிறகுதான் பாத்தேன். பழைய சட்டைதான்.

மறுநாள் காலையில சலுகை ஆரம்பிச்ச உடனே வாங்கினேன். சொந்த வெப்சைட்டுல, தள்ளுபடி கார்டுல, இருக்கறதுலயே பெரிய மூட்டை, கொசுறோட இரட்டிப்பு. நீ அனுப்பி மிச்சம் இருந்த மொத்தப் பணத்துக்கும். உலகத்துலயே அதைவிட மலிவா யாரும் வாங்கியிருக்க மாட்டாங்க, அதுல சந்தேகமே வேண்டாம். கட்டிலுக்குக் கொண்டுபோய், இந்தாங்க பாருங்க, என்ன விலைக்கு வாங்கினேன் சொல்லுங்க பாப்போம்னு கேட்டேன். திரையில மலை மாதிரி குவிஞ்சு மின்னுது, கீழே எரிஞ்ச கோட்டை, சுவர் இல்லை, ஆள் இல்லை. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். அதுல இருந்து போனைத் தொடறதில்லை. பிரிய ஆரம்பிச்ச வலது கை விரல் திரும்ப மூடிக்குதும்மா, ஏதாவது மனக்கஷ்டமான்னு பயிற்சிப் பொண்ணு கேட்டா. விளையாட்டுல தோத்துட்டார்னு சொன்னேன், பொய்யில்லையே.

நேத்து கட்டில் ஓரமா உக்காந்து அவருக்கு நகம் வெட்டினேன். ரொம்ப நாளாப் பேசாதவர், ஒவ்வொரு எழுத்தா நாக்கைப் புரட்டிப் புரட்டி, போ, து, மா, ன்னு கேட்டார். வாய் கோணினதுல இருந்து இவ்வளவு தெளிவா அவர் பேசி நான் கேட்டதே இல்லை, பயிற்சிப் பொண்ணு இருந்திருந்தா கை தட்டியிருப்பா. வெட்டின நகத்தை ஊதிட்டு, அந்தக் கையை நீட்டுங்கன்னேன். அதை அவரால நீட்ட முடியாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் முயற்சி பண்ற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன்.

இந்த மாசம் விளையாட்டுக்குன்னு பணம் அனுப்ப வேண்டாம், தேவைக்கு மேலயே கிடக்கு. போன் பண்ணினா அப்பாகிட்ட விளையாட்டைப் பத்தி மட்டும் கேக்காதே, மத்தபடி வேளாவேளைக்குக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, படுக்கைப்புண் இல்லாம பாத்துக்கறேன், டாக்டரே மெச்சிக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து, நூறு வருஷம் நல்லா இருங்க. அங்கே குளிர்னு சொன்னே, காதை மூடிக்கிட்டு வெளியே போ. எப்போவாவது அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு தகவல் வந்தா, டிக்கெட் என்ன விலைன்னு பாக்காம கிளம்பி வந்துடு கண்ணு.

உன்னைப் பெத்தவ,
அம்மா