சனிக்கிழமை சேர்ந்த ஒரு வரி

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் பில்ட் ஓடவில்லை. கச்சான் காற்று காலையிலிருந்து ஒபிஸ் கதவை அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் திரையைப் பார்த்தேன், ஏதோ மாறியிருக்கும் என்பது போல. அதே சிவப்பு எழுத்து: டொக்கர் என்ற கட்டளையைக் காணவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மம்மி கேட்டார், "என்ன மகள், முகம் கறுத்துக் கிடக்கு? அப்பிடி என்னதான் வேல?"

சொல்லிப் பார்த்தேன். சிங்கப்பூரில் ஒரு மெஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அதில் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பெட்டிக்குள் ஓடும். அதற்குப் பெயர் கொண்டெய்னர். பெட்டி செய்வதும் ஓட்டுவதும் நிறுத்துவதும் டொக்கர். நாங்கள் எழுதுகிற புரோகிராமை எடுத்துப் புதுப் பெட்டி செய்து தருவது பில்ட் சேர்வர். ஆனால் அந்த பில்ட் சேர்வரும் ஒரு பெட்டிக்குள்தான் இருக்கிறது.

மம்மி கறியைக் கிண்டியபடி யோசித்தார். "உள்ளுக்கு வெச்சுப் பூட்டிப்போட்டு வெளிவேல செய் எண்டா எப்பிடிச் செய்யிற?"

அதுதான் மம்மி. சரியாக அதுதான்.

ஜூன் 4, புதன்

பெட்டிக்குள் டொக்கரின் கட்டளைகளைப் போட்டேன். இப்போது வேறு பிழை: அனுமதி மறுக்கப்பட்டது. வெளியே இருக்கும் டொக்கரோடு பேச ஒரு சொக்கெட் உண்டு. அதை உள்ளே கொண்டுவந்து பொருத்தியும், தொடுவதற்கு பில்ட் சேர்வருக்கு உரிமை இல்லையாம்.

றுமைஸ் கதிரையை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தார். "பாத்துச் செய்யுங்க கிம்பர்லி. இதத் தொட ஏலும் எண்டா மெஷின் முழுக்க ஆள ஏலும்."

தெரியும். ஆனால் டிலக்சன் அண்ணா பின்னால் நடந்துகொண்டே இருந்தார். கம்பனி அவருடையது, வேலைக்கு இருப்பது நானும் றுமைஸும் மட்டும்தான். நண்டும் இறாலும் வாங்குகிற ஒரு ஏற்றுமதிக் கம்பனிக்காகச் செய்யும் அப் இது. பனிச்சங்கேணிப் பக்கத்தில் மீன்பிடிக்கிற ஆட்கள் அன்றன்றைய விலையை போனில் பார்ப்பதற்கு. புதுப் பதிப்புக்கு அவர் நாள் கொடுத்துவிட்டார். சொக்கெட்டின் அனுமதியைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டேன். பில்ட் ஓடியது. பச்சை.

மெஷின் ஒருமுறை நின்று எழும்பினால் இந்த அனுமதி போய்விடும். ஒழுங்காகச் செய்ய வேண்டும். செய்வேன்.

ஜூன் 9, திங்கள்

செய்யவில்லை.

சனிக்கிழமை மெஷின் நின்று எழும்பியிருக்கிறது. றுமைஸ் ஹஜ் பெருநாள் லீவில். நான் சின்னம்மாவின் மகளுடைய கல்யாணத்தில், கோயிலுக்குள். போன் மம்மியின் பையில். அண்ணா எடுத்த அழைப்புகளையெல்லாம் பின்னேரம்தான் பார்த்தேன். ஏச்சு விழும் என்று நினைத்து ஒபிஸுக்குப் போனால் மனுசன் சிரிக்கிறார்.

"நானே சரிப்படுத்திட்டன் கிம். வழி நெட்டில கிடந்திச்சு."

என்ன போட்டீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஏச்சு விழாத ஆறுதலில் கேட்கவில்லை. றுமைஸ் கொண்டுவந்த வட்டிலப்பத்தை மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஜூன் 12, வியாழன்

விலைப் பக்கம் திறக்க நெடுநேரம் எடுக்கிறது. சில வேளை திறப்பதே இல்லை. பனிச்சங்கேணியிலிருந்து சின்னத்தங்கம் அக்கா ஒபிஸ் நம்பருக்கே எடுத்துவிட்டார். புருசன் பிடிக்கும் நண்டை விற்பது அவர்தான்.

"மகள், வில வரல்லயே. யாவாரி முன்னுக்கு வந்து நிக்கான். நான் என்னத்தச் சொல்லிற அவனுக்கு?"



ஜூன் 13, வெள்ளி

நாங்கள் செய்யாத ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது! பெயர் ஏதோ சிஸ்டம் ஃபைல் மாதிரி. மெஷினின் பலம் முழுவதையும் அதுவே குடிக்கிறது. நிறுத்தினேன், அழித்தேன். தேத்தண்ணி ஆற முதல் திரும்பவும் ஓடுகிறது.

றுமைஸ் பார்த்தவுடன் சொன்னார், "கிரிப்டோ. இன்டர்நெட் காசு தோண்டுறாங்க. எங்கட மெஷின் பாடுபடுது, காசு எவனுக்கோ போகுது."

அவருக்கு எப்படி உடனே தெரிந்தது? — ஏன் இப்படி யோசிக்கிறேன்? அவருக்கு எல்லாம்தான் தெரியும்.

ஜூன் 16, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

அண்ணா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "மெஷினுக்குள்ள போற சாவி மூண்டு பேரிட்டத்தான் கிடக்கு. நான் செய்யல்ல. கிம் செய்ய மாட்டாள்."

றுமைஸுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. "அண்ணா, நான் பெருநாளுக்கு வீட்ட இருந்தன்."

"வீட்ட இருந்தும் செய்யலாம்தானே. போன மாசம் நீங்கதானே கிரிப்டோ பத்திக் கதைச்ச? உங்கட ஆக்கள் கொஞ்சப் பேர் இதில நல்லா உழைக்கிறாங்களாம்."

உங்கட ஆக்கள். றுமைஸ் வாதாடவில்லை. தன் சாவியைத் தானே அழித்துவிட்டு, லப்டொப்பை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். போகும்போது என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சொல். ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் வாய் ஒட்டிக்கொண்டது? பயமா? இல்லை, நானும் கொஞ்சம் நம்பிவிட்டேனா?

ஜூன் 17, செவ்வாய்

றுமைஸின் சாவி இல்லை. அந்தப் பெட்டி இன்றும் வந்துவிட்டது.

அப்போ சாவியே தேவைப்படாத வழி ஒன்று இருக்கிறது. டொக்கர் எழும்பும்போது வாசிக்கிற ஃபைலைத் திறந்தேன். நான் எழுதாத ஒரு வரி. சொக்கெட்டோடு நிற்காமல் நெட் வழியாகவும், எங்கிருந்து வரும் கட்டளையையும் கேள் என்று. கடவுச்சொல் எதுவும் இல்லை. ஃபைல் கடைசியாக மாறியது அந்தச் சனிக்கிழமை.

ஒருவேளை வெளியிலிருந்து எட்டாதோ?

ஜூன் 18, புதன்

எட்டும்.

காலை பஸ்ஸில், தன்னாமுனை தாண்டியதும், என் சொந்த போனில் மெஷினின் இலக்கத்தையும் அந்த வரி திறந்துவிட்ட வாசலின் எண்ணையும் அடித்தேன். எதுவும் கேட்கவில்லை. யார் நீ என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் பெட்டிகளின் பெயர்கள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. பக்கத்தில் மரக்கறிப் பையோடு இருந்த மனுசி எட்டிப் பார்த்தார். அவருடைய போனிலும் இதே மாதிரித் திறக்கும். உலகத்தில் எவனுடைய போனிலும் திறக்கும். றுமைஸின் ஊரான ஏறாவூரில் பஸ் நின்றபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவர் றோட்டில் நிற்பார் என்பது போல.

அண்ணாவிடம் காட்டினேன். போனை வாங்கிப் பார்த்தார்.

"பில்ட் ஓட வேணும் எண்டுதானே போட்டன்."

"தெரியும் அண்ணா. அந்த வரிய இப்பவே எடுக்கிறன். றுமைஸுக்குச் சொல்லுவம்."

"இப்ப வேணாம். நண்டுக் கம்பனிக்குத் தெரிஞ்சா வேல போயிரும். றுமைஸ் கெட்டிக்காரன், வேற இடத்தில எடுப்பாங்க. நீ வாயத் திறக்காத."

வரியை எடுத்தேன். மெஷின் உடனே இலேசானது. விலை வந்தது. எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி ஒபிஸ் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இருக்க முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. மம்மி ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்கிறார். வாயைத் திறந்து இந்த வேலை போனால் வேறு வேலை எங்கே கிடைக்கும்? மட்டக்களப்பில் எத்தனை ஒபிஸ்தான் இருக்கு? — றுமைஸுக்கும் அதே மட்டக்களப்புத்தானே.

ஜூன் 21, சனி

ஏறாவூருக்குப் போனேன். கதவைத் திறந்தது அவருடைய மனைவி அஸீமா. "உள்ள வாங்க. அவர் பின்னுக்கு நிக்காரு."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வரி, சனிக்கிழமை, பஸ், எல்லாம். றுமைஸ் சந்தோசப்படுவார் என்று நினைத்திருந்தேனோ? மடைச்சி நான்.

"அண்டைக்கு நீங்க ஏன் ஒண்டும் பேசல்ல?"

"அப்ப எனக்குத் தெரியாது றுமைஸ்."

"மெஷினப் பத்தித் தெரியாது. சரி. என்னைப் பத்தியுமா தெரியாது?"

அஸீமா வைத்த தேத்தண்ணியைக் குடிக்கவும் முடியவில்லை, குடிக்காமல் எழும்பவும் முடியவில்லை.

ஜூன் 23, திங்கள்

மெஷினுக்குள் எவன் எதை விட்டுப் போனானோ தெரியாது. முழுவதையும் அழித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று அண்ணாவிடம் சொன்னேன்.

"கட்டு."

"நான் சனிக்கிழமை றுமைஸ்ட வீட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டன்."

முகம் சிவந்தது. "ஆரக் கேட்டுப் போனாய்?"

"ஆரையும் கேக்கல்ல. அண்ணா, அவரிட்ட நீங்க கதைக்காம நான் இதில கை வெக்க மாட்டன். என்னையும் அனுப்புறதெண்டா அனுப்புங்க."

அவர் எழும்பி வெளியே போனார். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திரும்பியது என்று காற்றில் விளங்கவில்லை. பின்னேரம் வரை ஒபிஸில் தனியாக இருந்தேன்.

ஜூன் 25, புதன்

றுமைஸ் வந்தார்.

அண்ணா அவருடைய வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே என்ன பேசினார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. நண்டுக் கம்பனிக்கும் அண்ணாவே போன் எடுத்து, பிழை தன்னுடையது என்று எங்கள் முன்னால் சொன்னார். அந்தப் பக்கம் நிறையச் சத்தம். வேலை போகவில்லை.

மெஷினைப் புதிதாகக் கட்டுகிறோம். வெளியே இருக்கும் டொக்கரைத் தொடாமல், தன் பெட்டிக்குள்ளேயே புதுப் பெட்டி செய்துவிடும் கருவி ஒன்று இருக்கிறது. அதை முதலே தேடியிருக்கலாம். சொக்கெட்டும் வேண்டாம், திறந்த வாசலும் வேண்டாம். நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் றுமைஸ் வாசிக்கிறார்.

"குறை நினைக்காதீங்க. என்ட பேர் இனி ஒண்டிலயும் சிக்கப்படாது."

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிட்டார். முன்பெல்லாம் மூன்று பேரும் ஒரே மேசையில்தான்.

ஜூலை 4, வெள்ளி

பில்ட் ஓடுகிறது. நித்திரை இன்னும் ஒழுங்காக வருவதில்லை.

ஜூலை 24, வியாழன்

றுமைஸின் கடைசி நாள். கொழும்புக் கம்பனி ஒன்று, வீட்டிலிருந்தே வேலை. போய்ட்டு வாறன் என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். படியில் இறங்கியவர் திரும்பி வந்து, "கிம்பர்லி, அஸீமா உங்களக் கேட்ட. ஒரு நாளைக்கு வந்து தேத்தண்ணிய முழுசாக் குடிச்சிட்டுப் போகட்டாம்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் சொன்னார்.

ஜூலை 31, வியாழன்

இன்று இர்ஷானா வேலைக்குச் சேர்ந்தாள். வந்தாறுமூலைக் கம்பஸில் படித்தவள். சத்தமே வராமல் பேசுகிறாள். டிலக்சன் அண்ணா அவளுக்கு மெஷினின் சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தவர், திரும்பி எழும்பி வந்தார்.

"தங்கச்சி, இதில ஏதும் பிழைச்சா, மத்தவங்கள யோசிக்க முதல் என்னட்டக் கேளுங்க. 'அண்ணா, நீங்க எதையும் நோண்டின நீங்களா?' எண்டு. கூச்சப்படாமக் கேளுங்க."

இர்ஷானா பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.