சுதனின் கிணறு

2007, வெள்ளிக்கிழமை இரவு. வெள்ளவத்தை.

கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் இலவசக் கொம்பியூட்டர் வகுப்பில் இன்று இணைய வரைபடம் காட்டினேன். வன்னியில் கிளிநொச்சியிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருக்கும் சுதன், மேலிருந்து எடுத்த படத்தில் தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டான்.

"சேர், எங்கட கிணறு!"

நானே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவன் போன பிறகுதான் லொட்ஜுக்குப் போகும் வழியிலுள்ள ஆமி செக்பொயின்ட் ஞாபகம் வந்தது. வன்னிப் பெடியனின் சட்டைப்பையில் வன்னியின் வான்படம்! புலி என்று பிடித்துப் போக அது போதும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பிறகு லொட்ஜிலிருந்து அவனே எனக்குப் போன் எடுத்தான்.

"ஆமிக்காரன் படத்தைக் கண்டிட்டான், சேர். வீடு எண்டு சொன்னனான். தன்ர ஊர்ப் படத்தையும் உங்களை எடுத்துத் தரட்டாம். ஞாயிறு வகுப்புக்கு வாறானாம்."

ஊரைப் பார்க்க மட்டும்தான் வருகிறானா? ஞாயிறு மண்டபத்தைப் பூட்டிவிடலாம். ஆனால் அந்த ஆமிக்காரனின் செக்பொயின்ட்டைத் தாண்டாமல் சுதன் லொட்ஜுக்குப் போக வேறு பாதை இல்லை.