நான் பிரித்துக் கொடுத்த வேலை

அன்பு மகன் நவீன்குமாருக்கு அம்மா எழுதுவது. அந்த ஊர்க் குளிர் உன் உடம்புக்குப் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பேரிகையில் நாங்கள் சுகம், அப்பா தக்காளி நட்டிருக்கிறார், முழங்கால் வலியும் பரவாயில்லை. உன்னைப் பத்துப் பேருக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று போனில் சொன்னாயே, அப்போது சொல்ல வாய் வராததை எழுதுகிறேன்.

ரோஜாப் பண்ணையில் யாருக்கு எந்த வேலை என்று பிரிப்பது நான்தானே. உன் மாமா மகள் மேகலாவைத் தரம் பார்க்கும் மேஜையில் உட்காரவைத்தேன், படித்த பிள்ளை, நம் பிள்ளை என்று. அஞ்செட்டியிலிருந்து வரும் பாப்பம்மாவைத் தண்ணீர் வாளி தூக்க விட்டேன். அவளுக்குக் கன்னடம்தான் வரும், தமிழ் தடுமாறும், அதனால் விவரம் பத்தாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிப்ரவரியில் பெரிய லோடு ஏற்றும்போது வாளியோடு நின்று, "அக்கா, பூவு அடியில புள்ளி இருக்குது, போற வழியில அழுகிடும்" என்றாள். உனக்குச் சொன்ன வேலையை மட்டும் பாரு என்று எல்லார் முன்னாலும் விரட்டினேன். நான்காம் நாள் போன பெட்டிகளில் பாதி அழுகிவிட்டதென்று செய்தி வந்தது. யார் பார்த்த பூ என்று முதலாளி எல்லாரையும் கூட்டிவைத்துக் கேட்டார், மேகலா அழத் தொடங்கினாள், பாப்பம்மாதான் அழுக்குத் தண்ணீரில் வைத்துக் கெடுத்தாள் என்று சொல்லிவிட்டேன். நவீன், உன் அம்மாதான் அப்படிச் சொன்னாள். பாவம் அவள், மறுத்துப் பேசத் தமிழ் தேடினாள், கிடைக்கவில்லை, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மேகலாவே வந்து, "அத்தை, அந்தப் புள்ளி என் கண்ணுக்கே தெரியல, சொல்லப் பயமாயிருந்துச்சு" என்றாள். அதற்குமேல் தாங்காமல் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். நீயே போய்க் கூட்டி வா என்றார். அஞ்செட்டிக்கு பஸ் ஏறிப் போனேன். மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தவள் ஒரு வார்த்தை திட்டவில்லை, முதலில் மோர் கொடுத்தாள், அங்கேயே மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தேன். இப்போது மேஜையில் அவள்தான், ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. மேகலா லாரிக்காரர்களோடு மூன்று மொழியில் போன் பேசி லோடு அனுப்புகிறாள், முகமே தெளிந்துவிட்டது. எனக்கு மட்டும் தெளியவில்லை. பழியை எல்லார் முன்னாலும் போட்டேன், மன்னிப்பை யாருமில்லாத கொட்டகையில் கேட்டேன். திங்கட்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது கேட்கப் போகிறேன், உனக்கு எழுதிவிட்டால் பின்வாங்க முடியாதல்லவா.

உன் பத்துப் பேரில் வாய் திறக்காதவர் யாரென்று பார்த்து நீயாகப் போய்ப் பேசு. காதை மூடித் துணி கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், உன்னால் நாலு பேர் தலைகுனியாமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா,
காவேரி