சித்தி தட்டில் சிவப்புப் புள்ளி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். யூனிபார்ம் காயவில்லை.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் அம்மாவிடம் காட்டாதீர்கள். சித்தியிடமும். கெஞ்சிக் கேட்கிறேன்.

பள்ளி விழா ஒத்திகைக்கு ஸ்டெல்லா சித்தியின் ஜிமிக்கியைக் கேட்காமல் எடுத்தேன். என் காது ஓட்டை பாதி தூர்ந்திருந்தது. அழுத்திக் குத்தினேன். ரத்தம். அப்புறம்தான் நினைவு வந்தது: போன வருடம் சித்திக்கு ஹெபடைடிஸ் பி. கண்ணெல்லாம் மஞ்சள். அம்பத்தூர் கம்பெனிக்கு மாதக்கணக்கில் லீவு. குணமாகிவிட்டது என்கிறார்கள். ஆனால் சித்தியின் தட்டு, டம்ளரில் அம்மா நெயில் பாலிஷால் வைத்த சிவப்புப் புள்ளி அப்படியே இருக்கிறது. குணமானால் புள்ளி எதற்கு?

ஜூலை 9, புதன்

காது வலி. கண்ணாடியில் கண் பார்த்தது: ஏழு தடவை. பாத்ரூம் பல்பில் எல்லாமே மஞ்சள்தான். பசி: மூன்று தோசை.

பக்கத்து பெஞ்ச் ஜெயாவிடம் மட்டும் சொன்னேன். "இன்னாடி சொல்ற! தள்ளி ஒக்காரு" என்றாள். அடுத்த நிமிஷம் என் டிபன் பாக்ஸிலிருந்தே முட்டையை எடுத்துத் தின்றாள்.

சாயந்திரம் மாட்டிக்கொண்டேன். "இன்னாடி இது, ஜிமிக்கி கொக்கியில ரத்தம்?" என்றாள் சித்தி. அழுதுகொண்டே கேட்டுவிட்டேன், "ஒன்னோடது எனக்கு வந்துடுச்சா சித்தி?"

சித்தியின் முகம். எழுத முடியவில்லை.

"நாளைக்கு பர்மிஷன் போடறேன். டாக்டராண்ட போலாம். அம்மாகிட்ட சொல்லாத."

ஜூலை 10, வியாழன்

ஆவடி. சித்திக்குப் பார்த்த அதே டாக்டர். பழைய ரிப்போர்ட்டை விரித்தார். ரத்தத்தில் கிருமியின் அடையாளம் போய்விட்டது, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. "இவங்ககிட்ட இருந்து இனிமே யாருக்கும் பரவாதும்மா." சிலருக்கு மட்டும் போகாமலே தங்கிவிடுமாம், அவர்களிடமிருந்துதான் பரவுமாம். எனக்குக் குழந்தையிலேயே தடுப்பூசி போட்டிருப்பார்கள், கார்டைப் பார் என்றார்.

எழுந்துவிட்டோம். சித்தி வாசலில் நின்று, "தட்டு, டம்ளரு தனியா வெக்கணுமா டாக்டர்?" என்றாள்.

"எந்தத் தட்டு?" என்றார். நோய் இருந்தபோதுகூட அது சாப்பாட்டில் பரவாதாம்!

ரயிலில் சித்தி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பட்டாபிராம் தாண்டியதும், "ஒரு வருஷமா நானே கேக்கல பாரு. எனுக்கும் பயம்."

ஜூலை 11, வெள்ளி

வெயில். காது வலி இல்லை.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். ஜிமிக்கிக்கு ஒரு அறை. தடுப்பூசி கார்டு பீரோவில், மூன்று ஊசியும் போட்டிருக்கிறது. ரிப்போர்ட்டை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

ராத்திரி புள்ளி வைத்த தட்டில் நான் சாப்பிட்டேன். அம்மா பார்த்தாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

இப்போது நெயில் பாலிஷ் ரிமூவரும் பஞ்சும். தட்டு முடிந்தது. டம்ளரில் பாதிப் புள்ளி போய்விட்டது. ரூமெல்லாம் வாசனை.

கதவு தட்டும் சத்தம். அம்மா.

"ஸ்டெல்லா ஸ்பூன்லயும் ஒரு புள்ளி கீதுடி. எடுத்தாந்துருக்கேன். கதவத் தொற."