தெய்மு வீட்டுப் பன்றி

ஆகஸ்ட் 3
தைபே மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். செவிலியர் வேலை எனக்குத்தான், அடுத்த மாதம் சேர வேண்டும். தெய்முவிடம் சொன்னேன். "அப்போ நம்ம கல்யாணம்?" என்றான். "எந்தக் கல்யாணம்? நான் எப்ப சொன்னேன்?" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பிடிக்கும் அவனை. சேர்ந்து படுத்தும் இருக்கிறோம். அதற்காக ஆயுள் முழுக்க அவன் சட்டையிலிருந்து சலவைக்கல் குவாரித் தூசி உதறிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

ஆகஸ்ட் 5
அண்ணன் லௌகிங் கண்ணிகளைப் பார்க்க மலையேறிவிட்டான். வேட்டைக்குப் போகிறவனை எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது. அம்மா சோற்றுப் பொட்டலத்தை நீட்டியதோடு சரி.

ஆகஸ்ட் 8
புயல். ஆறு பாலத்தைத் தொட்டு ஓடுகிறது. அண்ணன் போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 9
தேடப் போனவர்கள் பாதை சரிந்துவிட்டதென்று திரும்பிவிட்டார்கள்.

அம்மா கோபத்தில் சீன மொழியில் திட்டுவாள். பயந்தால்தான் எங்கள் மலைக்குடியின் தாரோகோ மொழிக்கு வருவாள். இன்று ஒரு சொல்கூடச் சீனத்தில் இல்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஈவல், மலையில இருக்கறவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, வீட்ல யாரோ முறை தவறியிருக்காங்க. நான் இல்ல. நீ ஏதாவது..."

"சர்ச்ல முன்வரிசையில உக்காந்துக்கிட்டு இதையும் நம்புறியா?"

"எம்புள்ள வரட்டும். அப்புறம் கேலி பண்ணு."

ஆகஸ்ட் 10
நான் நர்ஸ். கால் எப்படி வழுக்கும், எலும்பு எப்படி முறியும், எல்லாம் படித்தவள். கல்யாணமாகாதவள் ஒருத்தனோடு படுத்தாள் என்று முன்னோர் ஆவிகள் அவள் அண்ணனைப் பள்ளத்தில் தள்ளுமா? தள்ளாது. — தள்ளாதுதானே?

சொன்னால் தெய்மு வீட்டார் பரிகாரமாகப் பன்றி அறுப்பார்கள். கறி எல்லா உறவுக்காரர் வீட்டுக்கும் பங்கு போகும். வாங்கின வீடெல்லாம் சாட்சி. அப்புறம் கல்யாணம்தான். தைபேயாவது, வேலையாவது!

சொல்லாம இருந்து அண்ணன் செத்துட்டா? ஐயோ. அண்ணா, வந்துடேன்.

ஆகஸ்ட் 11
சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் தெய்மு வீட்டுக்கு ஓடினாள்.

ஆகஸ்ட் 12
பன்றியை அறுத்தார்கள். தெய்முவின் அப்பா மலையைப் பார்த்து மதுவை ஊற்றினார். "பிள்ளைங்க தப்புக்கு இதோ ரத்தம். அந்தப் பையனை விட்டுடுங்க."

பக்கத்து வீட்டு அபாய் தன் பங்கை வாங்கிக்கொண்டு, "நல்ல கொழுப்புடி! கல்யாணத்துக்கும் இதே மாதிரி பாத்துப் பிடிக்கச் சொல்லு" என்று கண்ணடித்தாள். அறைந்திருப்பேன்.

ஆகஸ்ட் 13
வந்துட்டான்! சேறும் தாடியுமாக, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல். கட்டிப்பிடித்து அழுதேன். அம்மா தெருவில் நின்று கத்துகிறாள், "பாத்தீங்களா, பன்றி அறுத்த மறுநாளே!"

அவன் கறிச்சாறு குடித்துக்கொண்டே கேட்டான், "ஏது இவ்ளோ கறி?"

"நீ எங்கண்ணா இருந்த இத்தனை நாளும்?"

"எங்க போவேன்? மேல வேட்டைக் குடிசையிலதான். போன்ல சார்ஜ் இல்ல. ஆறு வடியற வரைக்கும் தின்னுட்டு நல்லாத் தூங்கினேன்."

அவனுக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 20
கல்யாணத்துக்கு நவம்பரில் நாள் குறித்துவிட்டார்கள். தைபேக்குப் போன் செய்து வர முடியாதென்றேன். மருத்துவமனையில் போனை எடுத்த பெண் காரணம் கேட்டாள். மலைக்குப் போன அண்ணன் பத்திரமாகத் திரும்பிவிட்டான் என்றேன்.

"நல்ல செய்திதானே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.