தாழ்ப்பாளுக்கு வெளியே அம்மா

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. அம்மா வெளியே நின்று கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

"போட்டுட்டியாடி?"

"போட்டுட்டேம்மா."

"சரியா விழுந்துச்சா? நான் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. அழுதாலும் திறக்கக் கூடாது."

"சரிம்மா."

போனாள். பாதி வழியில் திரும்பி வந்தாள். மறுபடி முதலிலிருந்து.

இந்தத் தாழ்ப்பாள் திருடனுக்காக இல்லை, அம்மாவுக்காக. போடச் சொன்னதும் அம்மாதான்.

குளிர்காலத்தில் தொடங்கியது. அம்மா வேலை பார்த்த பார்லரில் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தபோது, 'இந்தக் கத்தரிக்கோலை என் பொண்ணு கழுத்தில் வைத்துவிட்டால்?' என்று ஓர் எண்ணம் வந்ததாம். வந்தது போகவே இல்லை. அம்மா வேலையை விட்டுவிட்டாள். எங்கள் வீட்டுக் கத்திகள் எல்லாம் கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கின்றன. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவருடைய ஸ்க்ரூடிரைவர் பை வேலையிடத்திலேயே தங்கிவிட்டது. தக்காளியைக் கரண்டியால் நசுக்கிவிட்டு, "பெரிய ஹோட்டல்ல எல்லாம் இப்படித்தான்" என்கிறார். யாரும் சிரிப்பதில்லை.

என் காம்பஸ், பென்சில் எல்லாம் தோழியின் பையில். வீட்டுப்பாடத்தை மதிய இடைவேளையிலேயே முடித்துவிடுகிறேன். கூர்மையான எதுவும் என்னோடு ஒரே கூரைக்குள் இருக்கக் கூடாது. இந்தப் பேனாவைக் காலுறைக்குள் மறைத்துக் கொண்டுவந்தேன். இரவில் எழுதாவிட்டால் அலறிவிடுவேன் போலிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

டாக்டரிடம் என்னையும் கூட்டிப் போனார்கள். பெண் டாக்டர். மேஜையில் ஆறிப்போன டீ.

மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாயிற்று. அம்மாவுக்குத் தூக்கம்தான் வருகிறது, எண்ணம் போகவில்லை. இப்போது ஆராய்ச்சி நிலையில் ஒரு சிகிச்சை இருக்கிறதாம். அல்ட்ராசவுண்ட்.

"அது வயித்துல குழந்தை பார்க்கிறதுதானே?" என்றார் அப்பா.

"அதே ஒலிதான். தலையில பல பக்கத்துலேருந்து அனுப்பி, மூளைக்குள்ள ஒரு சின்ன இடத்துல ஒண்ணா சேர வைப்போம். வெட்ட மாட்டோம், துளை போட மாட்டோம், சுடவும் சுடாது. ஓயாம சுத்திக்கிட்டே இருக்கிற ஒரு இடத்தைக் கொஞ்சம் அமைதியாக்கப் பார்ப்போம். பலிக்கும்னு சத்தியம் பண்ண முடியாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். வகுப்பில் எல்லாரும் முணுமுணுத்தால் வெறும் இரைச்சல்தான். ஆனால் எல்லாரும் ஒரே நொடியில் ஒரே பெயரைச் சொன்னால், அந்தப் பெயர்க்காரி மட்டும் திரும்பிப் பார்ப்பாள். அப்படித்தானா?

இன்னொன்றும் சொன்னார் டாக்டர். இப்படி எண்ணம் வந்து வதைபடுகிறவர்கள் அதைச் செய்கிறவர்கள் இல்லையாம். அந்த எண்ணத்தை அவ்வளவு வெறுப்பதால்தான் அவ்வளவு பயமாம். அப்பா தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அம்மா ஆட்டவில்லை. "டாக்டர், இந்தப் பயம்தான் என் கையைப் பிடிச்சு வெச்சிருக்கு. அதை நீங்க எடுத்துட்டீங்கன்னா, என் பொண்ணை யாரு காப்பாத்துவா?"



எனக்கும் அதேதான் தோன்றியது. கடவுளே, எனக்கும் அதேதான்.

ஜூன் 12, வியாழன்

பெரியம்மா வந்தாள், பெரிய காலிப் பையோடு. என் துணிகளை அதில் போட்டுக்கொண்டு போகத்தான்.

"இவளை நான் கூட்டிட்டுப் போறேன். நீ சரியானதும் வந்து கூட்டிக்கோ."

"அவ ஏன் போகணும்? அவ என்ன தப்பு பண்ணா? போக வேண்டியவ நான்தான்" என்றாள் அம்மா.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரயிலில் ஒரு நாள் பயணம் போக வேண்டிய ஊரில், தனியாக இருக்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் பேசி வைத்துவிட்டாளாம். எங்களுக்கே தெரியாமல். அங்கே போனால் திரும்பி வர மாட்டாளாம். ஃபோனில் மட்டும் பேசுவாளாம். அதிலும் குரல் கேட்டால் எண்ணம் வரும் என்றால் அதுவும் கிடையாதாம்.

"உனக்குப் பைத்தியமாடி?" என்று பெரியம்மா கத்திவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாதான் ஒரு வழி சொன்னார். "இந்த மெஷினை ஒரு தடவை பார்த்துடு. அதுக்கப்புறமும் போகணும்னா நானே கொண்டு வந்து விடறேன். தடுக்க மாட்டேன்."

அம்மா, "சத்தியமா?" என்றாள். அவர், "சத்தியமா" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

அப்பா ஏன் அந்தச் சத்தியத்தைப் பண்ணினார்?

ஜூன் 20, வெள்ளி

முதல் நாள் சிகிச்சை. ஒலி நுழையும் இடத்தில் முடிக்குள் காற்று சிக்கிக்கொண்டால் ஒலி உள்ளே போகாதாம். அதனால் அங்கே முடியை மழிக்க வேண்டும். மெஷினைப் பார்த்துக்கொள்கிற அக்கா ட்ரிம்மரை எடுத்து ஓட்டினாள். அம்மா சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா, புல்லு வெட்டறியா? முடி வளர்ந்த திசைக்கு எதிரா ஓட்டு. தோலை இன்னொரு கையால இழுத்துப் பிடி."

அக்கா சிரித்தாள். "நீங்களே பண்ணிடறீங்களா?"

அம்மாவின் முகம் அப்படியே செத்துப்போனது. அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் அதே அறையில் இருந்தேன் அல்லவா.

முன்பே எடுத்த ஸ்கேன் படம் திரையில் இருந்தது. அம்மாவின் மூளை. அதன் நடுவில் ஒரு புள்ளியைக் குறித்திருந்தார்கள். இவ்வளவு சின்ன இடமா எங்களை இந்தப் பாடு படுத்துகிறது? தலையில் ஜெல் தடவி, கிண்ணம் போன்ற ஒன்றைப் பொருத்தினார்கள். என்னைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள்; அங்கே ஒரு சத்தமும் கேட்கவில்லை. அம்மா மட்டும், "யாரோ நகத்தால தட்டற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

இரவு: "போட்டுட்டியாடி?"

ஜூலை 2, புதன்

ஒன்றும் ஆகவில்லை. எத்தனையோ தடவை போய் வந்தாயிற்று. தலையில் வழுக்கை மட்டும் மிச்சம்.

நேற்றிரவு அம்மா என் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள், நான் எழுந்துவிடக் கூடாது என்று. நான் விழித்துத்தான் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். கை நீட்டினால் தாழ்ப்பாள்.

திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள், அதனால் திறக்கவில்லை என்று எழுதலாம். பொய். எனக்குப் பயமாக இருந்தது. என் அம்மாவைப் பார்த்து. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் நெஞ்சின் மேலேயே போட்டுத் தூங்க வைத்தவளைப் பார்த்து.

நான் என்ன மகள்?

ஜூலை 9, புதன்

அம்மா ஒரே தடவைதான் கேட்டாள். "போட்டுட்டேம்மா" என்றேன். போய்விட்டாள். திரும்பி வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான்தான் தூங்காமல் கிடந்தேன்.

ஜூலை 10, வியாழன்

காலையில் கேட்டேவிட்டேன், "எண்ணம் வரலையாம்மா?"

"வந்துச்சு. ஆனா உக்காரலை. வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு." சொல்லிவிட்டு அவளே பயந்துபோய்ச் சுவரைத் தட்டினாள், சொன்னதைக் கேட்டு அது திரும்பி வந்துவிடப் போகிறது என்பதுபோல.

டாக்டர் துள்ளிக் குதிக்கவில்லை. "கொஞ்சம் இடைவெளி கிடைச்சிருக்கு. மெஷினாலதான்னு இப்பவே சொல்ல மாட்டேன். ஆனா இந்த இடைவெளியிலதான் பயிற்சி பண்ணணும்." பயிற்சி என்ன என்றால், தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும். நான் தூங்கிய பிறகு அம்மா என் அறைக்குள் வந்து, கட்டில் பக்கத்தில் நின்று, பயம் ஏறி இறங்கும் வரை இருந்துவிட்டுப் போக வேண்டும். "ஒண்ணும் ஆகாது" என்று நாங்கள் யாரும் சொல்லக் கூடாது. அந்த வார்த்தையும் ஒரு தாழ்ப்பாள்தானாம்.

அம்மா, "செய்யறேன்" என்றாள். எவ்வளவு பெரிய வார்த்தை!

ஜூலை 11, வெள்ளி

அப்பா வேலையிடத்திலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்து தாழ்ப்பாளைக் கழற்றினார். மரத்தில் நான்கு ஓட்டைகள். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்தபடி.

இப்போது இந்த அறையில் கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது. காற்று வந்தால் ஆடுகிறது. என்னால் முடியவில்லை. நாற்காலியைக் கைப்பிடிக்குக் கீழே முட்டுக்கொடுத்திருக்கிறேன். கொஞ்ச நேரம்தான். அம்மா வருவதற்குள் எடுத்துவிடுவேன்.

ஜூலை 12, சனி

தூங்கிவிட்டேன்.

கைப்பிடி திரும்பும் சத்தத்தில்தான் விழித்தேன். கதவு நகர்ந்தது, நாற்காலி தரையில் கிறீச்சிட்டது, நின்றது. வெளியே அம்மா. எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் கை என் கதவைத் திறக்க வந்தது! அதுவரை பூட்டியிருக்கிறதா என்று பார்க்க மட்டுமே வந்த கை.

"நாற்காலியாடி?" என்றாள். கோபமே இல்லை குரலில். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

பதில் சொல்லவில்லை. காலடிச் சத்தம் திரும்பிப் போனது.

காலையில் கூடத்தில் அம்மாவின் பெட்டி. கட்டி முடித்திருந்தாள். சிகிச்சைக்கும் போகவில்லை. "அவளே என்னை நம்பல. நான் எப்படி என்னை நம்பறது?" என்று அப்பாவிடம் சொன்னாள். "சத்தியம் பண்ணியிருக்கீங்க."

அப்பா டிக்கெட் எடுக்கக் கிளம்பினார். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு போனார். நாளை இரவு ரயில்.

மெஷின் கெடுக்கவில்லை, டாக்டர் கெடுக்கவில்லை. நான் கெடுத்தேன். ஒரு நாற்காலியால் கெடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு, விடிகாலை

எழுத்து கோணலாக வருகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ராத்திரி என் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனேன். அப்பா கூடத்தில் படுத்திருந்தார். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள், நான்தான் அவளைக் குத்த வந்தவள் மாதிரி.

"போடி. உள்ள போ. கதவைச் சாத்திக்கோ."

"பயமா இருக்கும்மா."

"அதான் சொல்றேன், போ!"

"உன்னைப் பார்த்தா பயமா இருக்கு. நீதானே தினம் தினம் சொல்லிக் குடுத்தே. பயத்தோடயே இங்க படுக்கறேன். அது ஏறட்டும். இறங்கட்டும்."

தரையில் தலையணையைப் போட்டுப் படுத்துவிட்டேன். என் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது. அம்மா கைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்கொருவர் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லவில்லை. சொல்ல நாக்கு துடித்தது. அவளுக்கும் துடித்திருக்கும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பயம் ஏறியது. இதற்கு மேல் முடியாது, எழுந்து ஓடிவிடலாம் என்ற இடம் வந்தது. ஓடவில்லை. பிறகு அது அலுத்துப்போனது. ஆமாம், அலுத்துப்போனது; வேறு வார்த்தை தெரியவில்லை. கண்ணை மூடியிருந்தேன். கட்டில் முனகியது. கால் பக்கம் ஏதோ அசைந்தது. என் உடம்பு மரக்கட்டையானது.

போர்வை. பாதம் வெளியே தெரிந்ததாம். இழுத்து மூடினாள்.

அந்தக் கைகளால்தான்.

ஜூலை 13, இரவு

ரயில் போய்விட்டது. அம்மா போகவில்லை. பெட்டி இன்னும் கூடத்தில் இருக்கிறது. அப்பா அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்தார்.

ஜூலை 14, திங்கள்

அம்மா சிகிச்சைக்குப் போனாள். நடந்ததையெல்லாம் டாக்டரிடம் சொன்னாளாம், நாற்காலி உட்பட. "பொண்ணையும் ஒரு நாள் பேசக் கூட்டிட்டு வாங்க. மெஷினுக்கு இல்ல, பேச" என்றாராம். போக வேண்டும். போவேன்.

ஜூலை 26, சனி

மோசமான நாள். பேருந்தில் நெரிசலில் அம்மா என்மேல் சாய்ந்தாள். உடனே நடுவழியிலேயே இறங்கிவிட்டாள், நானும் பின்னாலேயே இறங்கினேன். வீடு வரை எனக்கு இருபதடி பின்னால் நடந்து வந்தாள். ராத்திரி கதவோரம் வந்து, "நான் உன்னை ஒண்ணும் பண்ணலையே?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. டாக்டர் சொன்னபடி பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கொடுமை என்று யாருக்குத் தெரியும்? தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

சற்று நேரம் கழித்து உள்ளே வந்தாள். நின்றாள். போனாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஈரத் துண்டைக் கட்டிலின் மேல் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன். மெத்தை நனைந்துவிட்டது.

சாயங்காலம் வாசலில் நுழையும்போதே ஆரம்பித்தாள். "அறிவிருக்காடி உனக்கு? மாடு மாதிரி வளர்ந்திருக்கே, ஒரு துண்டைக் காயப்போடத் தெரியாதா? நான் என்ன உனக்கு வேலைக்காரியா?" முழுக் குரலில். கையை நீட்டி, விரலை ஆட்டி, என் முகத்துக்கு நேராக. கீழ்வீட்டில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.

குளிர்காலத்துக்குப் பிறகு அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. கோபம் வந்தாலே எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வாள். கோபத்தின் பின்னாலேயே அந்த எண்ணம் வந்துவிடும் என்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அப்பா பதறிப்போய், "விடும்மா, பாவம், அழறா பாரு" என்றார்.

"அழட்டும்! அழுதா மெத்தை காஞ்சிடுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு வேகமாக மாடிக்குப் போய்விட்டார். முகத்தை அதிலேயே துடைத்துக்கொண்டிருப்பார்.

இப்போது விளக்கெல்லாம் அணைத்தாயிற்று. அம்மா சமையலறையில் பாத்திரத்தை அடுக்கிக்கொண்டே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள். போன வருடம் நான் தொலைத்த குடை வரைக்கும் வந்துவிட்டாள்.